"வயலின் பாடியது" என்று விமர்சனத்தில் எழுதினால் என்ன அர்த்தம்?

கேட்கப்பட்டது சுருக்கமாக இது: "எங்கள் மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள். நான்கு வருடமாகக் கர்நாடக வயலின் கற்றுக்கொள்கிறாள். சென்னையிலிருந்து வந்த பெரிய வித்வான் ஒருவரின் வாசிப்பை இரண்டு நாள் கேட்கப் போனோம். முதல் நாள் பாட்டுக்குப் பக்கவாத்தியம், மறுநாள் தனிக் கச்சேரி. எங்களுக்கு இனிமையாக இருந்தது, அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. பிறகு வந்த விமர்சனத்தில் 'வயலின் பாடியது', 'வில் சுத்தம்', 'பாடகரை நிழல்போல் தொடர்ந்தார்', 'அடக்கமான வாசிப்பு' என்றெல்லாம் பாராட்டியிருந்தார்கள். இதற்கெல்லாம் பொருள் உண்டா, இல்லை எல்லா வித்வானுக்கும் போடுகிற மாலையா? அடுத்த முறை நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?"

பாதி மாலைதான். மீதிப் பாதியில் பொருள் இருக்கிறது. ஆனால் எழுதுகிறவர்கள் அதை விளக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதனால் உங்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

முதலில் மாலையைக் கழித்துவிடலாம். விமர்சனத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, வயலின் என்கிற சொல்லை அடித்துவிட்டுப் புல்லாங்குழல் என்று போட்டுப் பாருங்கள். வாக்கியம் ஒரு கீறலும் விழாமல் நின்றால் அது மாலை. "ரசிகர்களை இசை மழையில் நனைத்தார்", "அரங்கைக் கட்டிப்போட்டார்", "தேனாய் ஒலித்தது" எல்லாம் இந்தக் கணக்கு. சிங்கப்பூரில் நனைவதற்கு நமக்கு வித்வான் தேவையா என்ன, குடையை மறந்தால் போதும்.

இங்கே மாலை கொஞ்சம் அதிகமாகவே விழும். ஊர் சிறியது. எழுதுகிறவர், கச்சேரியை ஏற்பாடு செய்தவர், மேடையில் தம்பூரா போட்ட பிள்ளையின் அம்மா எல்லாரும் ஒரே தீபாவளி விருந்தில் சந்திக்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது எதிரே வந்து நிற்பார்கள். வந்த கலைஞரோ நம் விருந்தாளி. இந்த நிலையில் யாரும் "ஆலாபனை நீண்டுவிட்டது" என்று எழுதமாட்டார்கள். நானும் எழுதியதில்லை. ஒரு விழா மலருக்காக நான் எழுதித் தந்த அரைப்பக்கத்தில் ஒரு வயலின்காரரை "பாடகரின் நிழல்" என்று புகழ்ந்திருந்தேன். அவர் படித்துவிட்டு, "சார், நிழலுக்கு எதுக்கு டிக்கெட் போட்டுக் கூட்டிவந்தீங்க?" என்று சிரித்தார். அந்த நிழலுக்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது "பாடியது". இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி விளங்கிவிடும். வயலின் நமக்கு வந்து இருநூறு வருடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய வாசிப்பாளர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு, அதை நம் சங்கீதத்துக்குத் திருப்பினார். தஞ்சை நால்வர் எனப்பட்ட சகோதரர்களில் இளையவரான வடிவேலு அதில் தேர்ந்து, 1834-இல் திருவிதாங்கூரின் சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசாகப் பெற்றார். வந்த நாள் முதல் அதற்குக் கொடுத்த வேலை பாட்டின் கூடவே போவது. வீணைக்கு மெட்டு, அதாவது ஸ்வரத்துக்கு இடம் குறிக்கும் குறுக்குக் கம்பி, உண்டு. ஒரு தடவை மீட்டினால் ஒலி தேய்ந்துகொண்டே போகும். வயலினில் மெட்டு இல்லை, வில் இழுக்கிற வரை ஒலி நீளும். தொண்டைக்கு இவ்வளவு பக்கத்தில் வரக்கூடிய வாத்தியம் நம்மிடம் வேறு அதிகம் இல்லை. ஆகவே ஒரு வயலின்காரரைப் புகழ வேண்டுமென்றால் "பாடினமாதிரி இருந்தது" என்பதே உச்சமான சொல்லாக நிலைத்துவிட்டது.

நாமும் வயலினைப் பிடிக்கும் முறையையே மாற்றிக்கொண்டோம். சம்மணமிட்டு உட்கார்ந்து, வாத்தியத்தின் சுருள்தலையை வலது கணுக்கால்மேல் சாய்த்துவிடுகிறோம். அதன் பாரத்தை இடக்கை தாங்க வேண்டியதில்லை. அந்தக் கை தந்தியின்மேல் வழுக்கிக்கொண்டு ஓட மட்டுமே இருக்கிறது. விரல் நுனியில் ஒரு பொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொள்ளும் வழக்கமும் இதற்காகத்தான். உங்கள் மகளின் ஆசிரியர் இதைச் சொல்லியிருப்பார்.

பெரும்பாலோர் "பாடியது" என்றால் இந்த இடக்கை வழுக்கலைத்தான் நினைக்கிறார்கள். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிப்பது, நன்றாக வந்தால் வயலின் பாடியதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. வாத்தியத்தைப் பாடவைப்பது வலக்கை. இடக்கை ராகத்தைச் சொல்கிறது, வார்த்தையைச் சொல்வது வில்தான். ஒரு விமர்சனத்தில் வில்லைப் பற்றி ஒரு வரியாவது இல்லையென்றால், "பாடியது" என்று அவர் எழுதியதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு பார்க்கலாம். கரகரப்பிரியா ராகத்தில் தியாகராஜரின் கீர்த்தனை, நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள்: "சக்கனி ராஜ மார்கமுலுண்டக, சந்துல தூரனேல, ஓ மனஸா". நல்ல ராஜபாட்டை இருக்கும்போது சந்துகளில் ஏன் நுழைகிறாய், மனமே என்று பொருள். பாடகர் "சக்கனி" என்று சொல்லும்போது கவனியுங்கள். "ச"வுக்குப் பிறகு "க்" வந்ததும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒலியே கிடையாது. பிறகு "க" வெடித்துக்கொண்டு வருகிறது. இதை வயலினில் எப்படிச் சொல்வது? வில்லைத் தூக்கினால் வார்த்தை உடைந்து இரண்டாகிவிடும். தூக்காமல் தந்தியின்மேலேயே சட்டென்று நிறுத்தி, அழுத்தத்தை விடாமல் வைத்திருந்து, மறுபடி இழுக்க வேண்டும். அடுத்து "ராஜ". நெடில், வில் நிம்மதியாக ஓடலாம். "மார்கமு"வில் "ர்" ஒரு சின்ன இடறல் மட்டும். "சந்துல"வில் வருவது மெல்லினம். மூக்கொலிக்குத் தொண்டை அடைக்காது. அங்கே வில்லும் நிற்கக்கூடாது, பாரம் மட்டும் ஒரு நொடி இறங்கி ஏற வேண்டும். "க்க"வுக்கு வில் நிற்கிறது, "ந்து"வுக்கு மெலிகிறது. இந்த வித்தியாசத்தைக் கேட்கவைக்கிற வாசிப்பைத்தான் பழைய ரசிகர்கள் "சாகித்தியம் கேட்டது", அதாவது பாட்டின் வார்த்தை காதில் விழுந்தது, என்பார்கள். பாடகர் இல்லாத தனிக் கச்சேரியில், வார்த்தை தெரிந்த ரசிகனின் உதடு தானாக அசையும்.

வார்த்தை தெரியாமல் ஸ்வரத்தை மட்டும் மனப்பாடம் செய்து வாசிக்கிறவரும் இருக்கிறார். அவருக்கு வில் எங்கே தீர்கிறதோ அங்கே திருப்புவார். "மார்க" என்று ஒரு இழுப்பு, "முலுண்டக" என்று இன்னொரு இழுப்பு. ஸ்வரம் ஒன்றும் தப்பாது, சுருதியும் விலகாது. தெலுங்கு தெரிந்தவருக்குக் காதில் கல் விழும். நமக்குத் தெரியாமலே ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றும். "வில் சுத்தம்" என்ற பாராட்டில் இது முக்கியமான பங்கு. திரும்பும்போது கரகரப்பு வராமல் இருப்பதும் சுத்தம்தான், ஆனால் அது ஆரம்பப் பாடம். எங்கே திருப்புகிறார் என்பதில்தான் கல்வி தெரியும்.

சென்ற தலைமுறையின் மூன்று பேரைப் பதிவுகளில் கேட்டால் இது இன்னும் தெளிவாகும். லால்குடி ஜெயராமன் (1930–2013), டி.என். கிருஷ்ணன் (1928–2020), எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் (1931–2013). ஒரே காலம், ஒரே வாத்தியம். மூவருக்கும் வந்த பாராட்டுகளும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே மாதிரிதான். காது கொடுத்தால் மூன்றும் மூன்று ஊர்.

லால்குடியிடம் வில் பேசும். மேலே நான் சொன்ன "க்க", "ந்து" சமாச்சாரமெல்லாம் அவரை மனத்தில் வைத்துச் சொன்னதுதான். அசைக்கு அசை வில்லைப் பங்கிட்டுக் கொடுத்து, சின்னச் சின்ன இழுப்புகளில் சொல்லைச் செதுக்குவார். தியாகராஜரின் சீடர் வழியில் வந்த குடும்பம், அப்பாவே குரு. கீர்த்தனையைப் பாடத் தெரியாமல் வாசிக்கக்கூடாது என்ற பாடம் அந்த வாசிப்பில் எழுதி ஒட்டியதுபோல் தெரியும்.

கிருஷ்ணன் வேறு. நீளமான வில். நாதம் எங்கும் அறுபடாமல், எண்ணெய் ஒழுகுகிறமாதிரி போகும். அவசரம் என்பதே கிடையாது. விமர்சகர்கள் அவரைப் பற்றி எழுதும்போது "நாதம்", "சௌக்கியம்" என்ற இரண்டு சொற்களையும் தவிர்க்க முடியாமல் எழுதினார்கள். அவர் தங்கை என். ராஜம் ஹிந்துஸ்தானிக்குப் போய், அங்கே வயலினைக் குரலின் வழியில் வாசிக்கும் பாணிக்குப் பெயர் பெற்றார். ஒரே வீட்டில் இரண்டு சங்கீதம், இரண்டிலும் புகழ்ச்சி அதே "பாடியது".

எம்.எஸ்.ஜி. என்கிற கோபாலகிருஷ்ணன் விஷயத்தில் அந்தச் சொல் போதாது. பரூர் சுந்தரமய்யரின் மகன். ஒற்றை விரலிலேயே தந்தி நெடுக ஓடுவார், மேல், கீழ் என்று இரண்டு ஸ்தாயியில் ஒரே சமயத்தில் ஒரே சுத்தத்தோடு வாசிப்பார். தொண்டையால் செய்யவே முடியாத காரியம் இது. இங்கே வயலின் பாடவில்லை, வயலினாகவே இருந்தது. அதைப் போய் "பாடியது" என்று எழுதுவது அவருக்குக் குறைவு. ஆகவே உங்கள் வித்வானின் வாசிப்பில் விமர்சகர் எதைப் பாராட்டினார் என்பதோடு, அந்தப் பாராட்டு அந்தப் பாணிக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். தனிக் கச்சேரியில் மின்னல் வேகத்தில் ஸ்வரங்களைக் கொட்டிவிட்டுப் போனவருக்கு "குழைவு" என்று எழுதியிருந்தால் எழுதினவர் பாதியில் எழுந்து போயிருக்கலாம்.

இடக்கையை ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அதற்கும் ஒரு இடம் இருக்கிறது. அதைத் தோடி ராகத்தில் கேட்க வேண்டும். தோடியின் காந்தாரம், அதாவது "க", ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரம் இல்லை. கீழே ரிஷபப் பக்கமும் மேலே மத்தியமப் பக்கமும் அசைந்துதான் தன்னைக் காட்டும். எவ்வளவு தூரம் அசைய வேண்டும், எந்த வேகத்தில், எந்த முனையில் கொஞ்சம் தங்க வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக மேற்கத்திய வயலின் வாசிக்கிற பிள்ளைகள் இங்கே நிறைய. அவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு குழப்பம் வரும். அங்கே வைப்ரேட்டோ என்று விரலை நடுங்கவைப்பார்கள். அது ஸ்வரத்துக்குப் போடுகிற பூச்சு. கழற்றிவிட்டாலும் ஸ்வரம் அப்படியே இருக்கும். தோடி காந்தாரத்தில் அசைவைக் கழற்றினால் ராகமே கழன்றுவிடும். அதனால் சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழுவோடு வாசிக்க வரும் வயலின் கலைஞருக்கு எழுதுகிற பாராட்டையும் நம் வித்வானுக்கு எழுதுகிறதையும் ஒரே படியால் அளக்க முடியாது. அங்கே ஸ்வரம் எழுதிய ஏடு முன்னால் இருக்கிறது, எழுதியதை எப்படிப் பொருள் கொண்டார் என்று பார்க்கிறார்கள். இங்கே பாதிக் கச்சேரி அன்றைக்கு அந்த நிமிடத்தில் பிறக்கிறது.

சரி, நிழல். பக்கவாத்தியமாக உட்காரும் வயலின்காரருக்குப் பாடகர் அடுத்து என்ன பாடப்போகிறார் என்று தெரியாது. ராகத்தை வார்த்தையில்லாமல் விரிக்கிற ஆலாபனையில் ஒத்திகை கிடையாது. இரண்டு பேரும் அன்று மாலைதான் முதன்முதலில் சந்தித்திருக்கவும்கூடும். பாடகர் ஒரு பிடியை, அதாவது ஒரு சின்ன ஸ்வரத் தொடரைப் பாட, அரை நொடி பின்னால் இவர் அதைத் தொட வேண்டும். முழுவதையும் அப்படியே திருப்பி வாசித்தால் எதிரொலி, காதுக்கு உபத்திரவம். நல்லவர் வாலை மட்டும் பிடிப்பார். பாடகர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் அந்தக் கடைசி ஸ்வரத்தை விழாமல் ஏந்திக்கொண்டிருப்பார். பாடகர் மறுபடி ஆரம்பித்ததும் கீழே இறங்கிவிடுவார். அடுத்த முறை பாடகர் இருமுகிற நேரத்தையோ, தண்ணீர்க் குவளையை எடுக்கிற நேரத்தையோ கவனியுங்கள். அந்த மூன்று நொடியில் வயலின் என்ன செய்கிறது என்பதில் ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

நிழல்போலத் தொடர்வதோடு வேலை முடிவதில்லை. பாடகர் ஆலாபனை முடித்ததும் வயலினுக்கு ஒரு முறை வரும். அதைப் பாடகர் எடுத்துக்கொண்டதைவிடச் சுருக்கமாக முடிப்பதுதான் மரியாதை. ஆனால் அவர் சொன்னதையே சுருக்கித் தந்தால் ரசிகன் காப்பி குடிக்க எழுந்துவிடுவான். அவர் தொடாமல் விட்ட ஒரு மூலையைத் தொட்டுக் காட்ட வேண்டும், அதுவும் அவரை மிஞ்சியதுபோல் தெரியாமல். "அடக்கமான வாசிப்பு" என்று உங்கள் விமர்சகர் எழுதியதற்கு நல்ல பொருள் இதுதான். செய்யத் தெரிந்தவர் செய்யாமல் விட்டது. கெட்ட பொருளும் ஒன்று உண்டு. அன்றைக்கு ஒன்றும் எடுபடவில்லை, அதை நாகரிகமாகச் சொல்ல "அடக்கம்" என்று போட்டிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க, அதே பத்தியில் ஒரு குறிப்பிட்ட ராகமோ, ஒரு குறிப்பிட்ட இடமோ பெயர் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் முதல் பொருள்.

நான் கேட்டதிலேயே பெரிய பக்கவாத்தியம் எது என்றால் ஒரு விமர்சனத்திலும் வராத ஒன்றைச் சொல்வேன். சில வருடம் முன்பு, இங்கே ஒரு சின்ன அரங்கு, நான் இரண்டாம் வரிசை. வெளியே 32 டிகிரிப் புழுக்கம், உள்ளே சால்வை போர்த்த வேண்டிய ஏசி. மரமும் தந்தியும் இந்த மாற்றத்தை மறக்காமல் பழிவாங்கும். பாடகர் பைரவி ராகம் தொடங்கினார். இரண்டு நிமிடத்தில் வயலினின் மேல் பஞ்சமத் தந்தி சுருதி இறங்கிவிட்டது. வாசிக்கிறவர் அதை ஒரு தடவைதான் தொட்டார். முகத்தில் ஒன்றுமில்லை. நம் வயலினில் நான்கு தந்தி, கீழிருந்து ச-ப-ச-ப. அந்தக் கடைசித் தந்தியில் வாசிக்க வேண்டியதையெல்லாம் அவர் பக்கத்து ஸட்ஜத் தந்தியிலேயே மேலே ஏறி வாசிக்கத் தொடங்கினார். கை எட்டாத உயரம் வரை, ஒற்றைத் தந்தியில், சுருதி அணுவளவும் நகராமல். சபையில் யாருக்கும் எதுவும் தெரியாது. பாடகர் தார ஸட்ஜத்தில், அதாவது மேல் ஸ்தாயி ஸட்ஜத்தில், நின்று கைதட்டல் வந்தபோது, அந்த இரைச்சலுக்குள் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகி, இடது சுட்டுவிரலால் தந்தியை ஒரு சுண்டு சுண்டி, தலையைச் சாய்த்துக் கேட்டு, கைதட்டல் அடங்குவதற்குள் தந்திமேல் வில்லை வைத்துவிட்டார். அடுத்த பிடி சரிசெய்த அந்தத் தந்தியில். அவர் நெற்றியில் மட்டும் வியர்வை, அந்தக் குளிரில். பிறகு வந்த விமர்சனம் "பைரவியில் உருகவைத்தார்" என்றது. உருகினது உண்மைதான்.

அரங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "நாதம் அருமை" என்ற பாராட்டில் பங்கு கேட்க இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் கட்டடம், இன்னொருவர் ஒலி இயக்குபவர். 2002-இல் திறந்த எஸ்பிளனேட்டின் இசையரங்கு சுமார் 1,600 பேர் உட்காரக்கூடியது. மைக்கே இல்லாமல் ஒரு முழு இசைக்குழு வாசிக்க வேண்டும் என்று நினைத்துக் கட்டியது, எதிரொலியைக் கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டு. அந்த நீண்ட எதிரொலி மெதுவான வில்லுக்குப் பட்டுப் போர்த்தியதுபோல் இருக்கும். மிருதங்கத்தோடு வேகமாகப் போகும் ஸ்வரங்களுக்கு அதே எதிரொலி பகை, ஒன்றின்மேல் ஒன்று பூசிக்கொள்ளும். அங்கேயே இருக்கும் சிற்றரங்கு 245 இருக்கைதான், வில் தந்தியைத் தொடுகிற கணம் வரை கேட்கும். அங்கே நடக்கும் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழா சமயத்தில் இரண்டிலும் போய்க் கேட்டால், ஒரே கலைஞர் இரண்டு ஆளாகத் தெரிவார்.

மைக் இன்னொரு கதை. நம் கச்சேரிகளில், தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரைக்கு அருகே வாத்தியத்திலேயே ஒரு சின்ன மைக்கைப் பொருத்திவிடுகிறார்கள். வில்லின் மெல்லிய அழுத்தம், பலத்த அழுத்தம் எல்லாம் அதில் ஒரே மட்டமாகப் போய்விடுவது உண்டு. நான் மேலே சொன்ன "ந்து"வெல்லாம் அங்கேயே மறைந்துபோகும். மைக் இல்லாத காலத்தில் வயலின் வித்வான் மைசூர் சௌடையா கூடுதல் தந்திகள் போட்டு ஏழு தந்தி வயலினே செய்துகொண்டார், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று. அன்றைக்கு ஒலியின் கனமே புகழப்பட்டது. இன்று கனத்தை ஒலிபெருக்கி தருகிறது, நுணுக்கத்தைச் சிலசமயம் எடுத்துக்கொள்கிறது. முதல் நாள் உங்களுக்கு "இனிமை" என்பதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை என்றால் குறை உங்களுடையதாகவே இருக்க வேண்டியதில்லை.

விமர்சகர்களையே ஒட்டுமொத்தமாகச் சந்தேகிக்க வேண்டாம். ஆனந்த விகடனில் "கர்நாடகம்" என்ற பெயரில் கல்கி எழுதிய காலத்தில், சபையில் உட்கார்ந்திருந்த சாதாரண ஆளின் காதிலிருந்து எழுதினார். ராக இலக்கணம் தெரியாதவனும் சிரித்துக்கொண்டே படித்தான், படித்துவிட்டுக் கச்சேரிக்குப் போனான். பின்னால் வந்த சுப்புடு கத்தியோடு உட்கார்ந்திருப்பார். வித்வான்கள் மேடை ஏறினதும் முன்வரிசையில் அவர் இருக்கிறாரா என்று தேடினார்கள் என்றால் மிகையில்லை. அவர் ஒருவரை நன்றாக வாசித்தார் என்று எழுதினால் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் முந்தின வாரம் இன்னொருவரை என்ன செய்தார் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படித் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நம் ஊரில் அது நடக்கவும் நடக்காது. ஆனால் குறை சொல்லாமலே கூர்மையாகப் பாராட்ட முடியும். "சக்கனியின் க்க-வில் வில் நின்றது" என்று ஒரு வரி போதுமே. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, படிப்பவருக்கு ஒரு காது கிடைக்கிறது.

"சுருதி சுத்தம்" பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நிலைக்கு வந்த வித்வானுக்கு அது இருந்தே ஆக வேண்டும். ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கிறார் என்று டாக்சிக்காரரைப் புகழ்கிறமாதிரி அது.

அடுத்த முறைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே தெரிவது அபூர்வம். ஆனாலும் தனிக் கச்சேரியில் உங்கள் மகள் கற்ற கீர்த்தனை ஏதாவது ஒன்று வர வாய்ப்பு உண்டு. அவள் இப்போது கற்றுக்கொண்டிருப்பதில் ஒன்றை எடுத்து, வயலினை மூடிவைத்துவிட்டு, பல்லவியை வாயால் பாடச் சொல்லுங்கள். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எந்த எழுத்தில் வாய் மூடுகிறது, எதில் மூக்குக்குப் போகிறது என்று நீங்கள் இருவரும் விரல் விட்டு எண்ணுங்கள். பிறகு அதே வரியை வில்லோடு. நிறுத்தங்கள் தானாக வரத் தொடங்கும், வராத இடமும் தெரியும். ஆசிரியரிடம் கேட்க அதுதான் நல்ல கேள்வி. அரங்கில் வில் பிடித்த கை மறையாத பக்கமாக இருக்கை எடுங்கள். முன்வரிசை கிடைக்காவிட்டால் விடுங்கள், மேல்மாடத்தின் விளிம்பிலிருந்து வில் முழுசாகத் தெரியும், விலையும் குறைவு. ஒரு பாட்டுக்கு இடக்கையைப் பார்க்கவே கூடாது என்று அவளிடம் ஒரு பந்தயம் வையுங்கள்.

எங்கள் புளோக்கில் ஐந்தாம் மாடியில் ஒரு பையன் இருக்கிறான், உங்கள் மகள் வயதுதான். ஒரு கச்சேரிக்கு அவனையும் கூட்டிப்போயிருந்தேன். முதல் ஒரு மணி நேரம் இருக்கையில் நெளிந்தான், கைபேசியைக் கேட்டான், பசிக்கிறது என்றான். மூன்றாவது உருப்படி நடக்கும்போது என் சட்டைக் கையை இழுத்து, "அங்கிள், அவர் இப்ப வில்லை நிறுத்தினார், ஆனா பாட்டு நிக்கல," என்றான். வித்வான் அந்த வரியைத் திரும்ப எடுத்தார். பையன் இன்னும் என் சட்டையை விடவில்லை, மேடையைப் பார்த்துக்கொண்டே, "பாருங்க, மறுபடியும்," என்றான்.